தேதி போட்ட அபிப்பிராயம்

பழைய படத்தைப் புகழத் துணிச்சல் வேண்டாம். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' உன்னதமான படம் என்று இன்று ஒருவர் சொன்னால் அவருக்குப் பின்னால் ஒரு பெரும் படையே நிற்கிறது: பேராசிரியர்கள், இயக்குநர்கள், தடிமனான புத்தகங்கள். பீட்டில்ஸ் பிரமாதம் என்பவரோடு யாரும் மல்லுக்கு வரப்போவதில்லை. அந்தப் பாராட்டு தன் சொந்தச் சரக்கா, இரவல் சரக்கா என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். நேற்று வெளியான படத்தைப் பற்றியோ, இன்று காலை கடைக்கு வந்த ராக் ஆல்பத்தைப் பற்றியோ வாய் திறப்பவரின் நிலைமை வேறு. அவருக்கு முன்னால் யாரும் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை. அதிலும் அவர் சம்பளத்துக்கு எழுதாதவர், சினிமாவையோ இசையையோ முறையாகப் படிக்காதவர் என்றால், 'உனக்கு என்ன தெரியும்?' என்ற கேள்வி உடனே வந்து விழும். அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்குவதைவிட அதற்கு ஒழுங்காகப் பதில் தேடுவது நல்லது. தன் தொழில் அல்லாத ஒன்றைப் பற்றி, எதுவும் இன்னும் தெளியாத நேரத்தில், ஒரு மனிதர் அபிப்பிராயம் சொல்லலாமா? சொல்லலாம் என்பது மட்டுமல்ல, சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காரணம் சொல்ல வேண்டும். தேதி போட வேண்டும்.

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் ஒன்று தெரியும். ராக் இசை விமர்சனம் என்ற துறையை உண்டாக்கியவர்களே அமெச்சூர்கள்தான். 1960-களின் நடுவில் அமெரிக்க நாளிதழ்களில் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு விமர்சகர் இருந்தார், ஜாஸுக்கும் இருந்தார். ராக் என்பது பதின்வயதுப் பிள்ளைகளின் கூச்சல். அதற்கு எதற்கு விமர்சகர்? 1966 பிப்ரவரியில், பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் சில தாள்களை சைக்ளோஸ்டைல் எடுத்து, 'க்ராடாடி' என்று பெயர் வைத்து, பத்திரிகை என்று வெளியே விட்டான். அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விடும் பத்திரிகைகளில் பழகிய கை அது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் பிறக்க இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தது. அந்த ரோலிங் ஸ்டோனும் பிறகு வாசகர்களிடமே மதிப்புரை கேட்டது. எழுதிப் போட்டவர்களில் ஒருவர், கலிஃபோர்னியாவின் எல் கஹோன் ஊரில் செருப்புக் கடை விற்பனையாளராக இருந்த லெஸ்டர் பேங்ஸ். சினிமாப் பக்கம் பார்த்தால் பாலின் கேல். காப்பிக் கடையில் ஒரு படத்தைப் பற்றி அவர் வாதாடுவதைக் கேட்ட பத்திரிகை ஆசிரியர் ஒருவர், சாப்ளினின் 'லைம்லைட்' பற்றி எழுதித் தரச் சொன்னார். அது 1953. அதன் பிறகு பல ஆண்டுகள் சில்லறை வேலைகள் செய்து பிழைத்தார். ஒரு சிறு திரையரங்குக்காகப் படக்குறிப்புகள் எழுதினார். பெர்க்லி வானொலி ஒன்றில் காசு வாங்காமல் விமர்சனம் பேசினார். 'நியூயார்க்கர்' இதழில் நிலையான இடம் கிடைத்தபோது அவருக்கு 48 வயது. நம் பக்கத்தில் சபா வித்வான்களுக்குக் கிலி உண்டாக்கிய விமர்சகர் சுப்புடு மத்திய அரசு அலுவலர் என்பது பலருக்கும் தெரிந்ததே.

விதிவிலக்குகளைக் காட்டி விதியை நிறுவ முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயம்தான். ஒரு பேங்ஸ் வந்தார் என்றால், எழுதி எதற்கும் தேறாத ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஆகவே ஆட்களை விட்டுவிட்டு, தகுதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ரசனைக்கு அளவுகோல் உண்டா என்று 1757-இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் எழுதிய கட்டுரையில், 'டான் கிஹோட்டே' நாவலில் வரும் ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துச் சொல்லும்படி இரண்டு பேரைக் கேட்கிறார்கள். ஒருவர் குடித்துப் பார்த்து, நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். மற்றவர், நல்ல ஒயின்தான், லேசாக இரும்பு வாடை அடிக்கிறது என்கிறார். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல் வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. ஹ்யூம் இதைச் சொன்னது நாக்கின் நுட்பத்துக்காக. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த இருவரும் 'சுமார்தான்' என்று சொல்லி நிறுத்தவில்லை. இன்னொருவர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னார்கள். கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது பட்டமோ பதவியோ அல்ல, சொன்னதைச் சரிபார்க்க முடிந்தது என்பதுதான். நல்ல விமர்சகருக்கு வேண்டியவை என்று ஹ்யூம் தரும் பட்டியலும் பயிற்சி, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், பாரபட்சமின்மை என்றுதான் போகிறது. இவற்றில் எதுவும் சம்பளச் சீட்டோடு சேர்ந்து வருவதில்லை. இருபது வருடம் விடாமல் படம் பார்த்த தபால் ஊழியரிடம் இவை இருக்கலாம். பத்திரிகையில் நாற்காலி பிடித்தவரிடம் இல்லாமலும் போகலாம். புதிய படமும் புதிய ஆல்பமும் இன்னும் காலியாகாத பீப்பாய்கள். சாவி தென்பட்ட பிறகு எல்லோருக்கும் இரும்பு வாடை அடிக்கும்.

காரணம் சொல்வது என்றால் என்ன என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். 1967 ஆகஸ்டில் ஆர்தர் பென் இயக்கிய 'போனி அண்ட் கிளைட்' வெளியானது. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் வங்கிகளைக் கொள்ளையடித்த ஒரு ஜோடியின் கதை. படத்தில் ஒரு வங்கிக் கொள்ளை. போனியும் கிளைடும் உள்ளே போயிருக்கிறார்கள். காரை ஓட்ட வேண்டிய பையன், நல்ல பிள்ளையாக, இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த சின்ன இடைவெளியில் வண்டியைச் சொருகி நிறுத்திவிடுகிறான். கொள்ளையடித்தவர்கள் ஓடி வந்து பார்த்தால் கார் வெளியே வர மாட்டேன் என்கிறது. முன்னால் இடிக்கிறது, பின்னால் இடிக்கிறது, அரங்கமே சிரிக்கிறது. ஒருவழியாக வண்டி கிளம்பும்போது வங்கியைச் சேர்ந்த ஒரு முதியவர் ஓடிவந்து படியில் தொற்றிக்கொள்கிறார். கிளைட் பதற்றத்தில் கண்ணாடி வழியே அவர் முகத்தில் சுட்டுவிடுகிறான். கண்ணாடியும் முகமும் சேர்ந்து சிதறுகின்றன. அரங்கத்தின் சிரிப்பு அப்படியே தொண்டையில் நிற்கிறது. 1940 முதல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் திரை விமர்சகராக இருந்த பாஸ்லி க்ரவுதர் இந்தக் கலப்பைத்தான் கண்டித்தார். கொலைகாரர்களின் கதையை மலிவான கோமாளிக் கூத்தாக்குவது என்ன ரசனை என்று கேட்டார். ஒரு முறை எழுதி ஆறாமல் திரும்பத் திரும்ப எழுதினார். அந்த அக்டோபரில் நியூயார்க்கரில் வெளிவந்த நீண்ட கட்டுரையில் பாலின் கேல் இதே கலப்பைப் படத்தின் பலம் என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடி விழுவதால், பார்ப்பவர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க முடிவதில்லை என்பது அவர் வாதம்.

இதில் கவனிக்க வேண்டியது, இருவருக்கும் ஒரே விஷயம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. ஒருவர் பழித்த இடத்தை மற்றவர் புகழ்ந்தார். இன்று க்ரவுதரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் படத்தின் நாடித்துடிப்பு எங்கே இருக்கிறது என்று அவர் சரியாகவே விரலை வைத்தார். தீர்ப்பு பிழைத்துப்போனது, தடயம் பிழைக்கவில்லை. அவருடைய மதிப்புரையைப் படித்துவிட்டு, 'அட, அப்படியென்றால் இந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும்' என்று ஒருவர் கிளம்பியிருக்கலாம். மோசமான விமர்சனம் என்பது தவறான தீர்ப்புச் சொல்வது அல்ல. 'வேற லெவல்', 'மொக்கை' என்ற இரண்டு சொற்களுக்குள் முடிந்துபோவதுதான் மோசமான விமர்சனம், அந்தத் தீர்ப்பு பிற்காலத்தில் சரியென்று ஆனாலும்கூட. அதில் சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொருவரும் இந்தக் கதையில் உண்டு. 'நியூஸ்வீக்' வார இதழில் ஜோ மார்கன்ஸ்டெர்ன் என்பவரும் படத்தைத் தாக்கித்தான் எழுதினார். எழுதிவிட்டு மறுபடியும் போய், பொது ரசிகர்களோடு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரமே, தன் முதல் மதிப்புரை நியாயமற்றது என்று அதே இதழில் வெளிப்படையாக எழுதினார். க்ரவுதராலும் மாற முடிந்திருக்கும். 1960-இல் 'சைக்கோ' வந்தபோது அரைமனதாக எழுதியவர், ஆண்டு முடிவில் அதைச் சிறந்த பத்துப் படங்களில் ஒன்றாகச் சேர்த்தவர்தான் அவர். 1967-இல் மட்டும் மாற மறுத்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். படத்துக்குப் பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, இரண்டு கிடைத்தன. அதனால் படம் நல்லது என்று நான் வாதிட மாட்டேன். ஆஸ்கர் எதையும் நிரூபிப்பதில்லை. நான் சொல்ல வருவது நாற்காலியைப் பற்றி. பெரிய நாளிதழில் 27 ஆண்டு தீர்ப்புச் சொன்னவருக்கு ஒரு படத்தில் சறுக்கினேன் என்று ஒப்புக்கொள்வது அந்த 27 ஆண்டையும் சந்தேகத்துக்குள்ளாக்குவது போல் தோன்றும். அமெச்சூருக்குக் காப்பாற்ற நாற்காலி இல்லை. மனம் மாறினேன் என்று சொல்வது அவருக்கு மலிவு. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாத அமெச்சூர்கள் ஏராளம் என்பது வேறு விஷயம்.

அடுத்த ஆட்சேபம் கடுமையானது. இவர்கள் இப்படி அடிக்கடி தவறுகிறார்களே, புதியதைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கு என்னதான் மதிப்பு? பேங்ஸ் ரோலிங் ஸ்டோனில் எழுதிய முதல் மதிப்புரை 1969 ஏப்ரலில் வந்தது. டெட்ராய்ட் நகரத்து 'எம்சி5' குழுவின் முதல் ஆல்பத்தை அதில் அவர் கிழித்துத் தொங்கவிட்டார்: விளம்பரக் கூச்சல் பெரிது, இசை முரடு, பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அதே ஆல்பத்தை விரும்பத் தொடங்கினார். அதற்கும் மேலே போய், அந்த முரட்டுத்தனமே ராக் இசையின் உயிர் என்று வாதிட்டு, பங்க் இசை வருவதற்கு முன்பே அதற்கு வக்காலத்து வாங்கியவர் ஆனார். 33 வயதில், 1982-இல் இறந்துபோனார். 1969-இல் அவர் சொன்னது தவறு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் குற்றமாகப் பட்டியலிட்டவை அந்த இசையில் இருக்கும் குணங்கள்தான். மாறியது அவற்றின் மேல் அவர் வைத்த விலை. அந்த முதல் மதிப்புரை அச்சில் இல்லாவிட்டால், அந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை அளக்க நமக்கு வழியே இருந்திருக்காது. ரசனை வளர்ந்தது என்று சொல்கிறோமே, எங்கிருந்து எங்கே வளர்ந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டாமா?

அதே ஆண்டில் அதே இதழில் லெட் ஸெப்பலின் குழுவின் முதல் ஆல்பத்துக்கு ஜான் மெண்டல்சன் எழுதிய மதிப்புரையும் இப்போது நகைப்புக்கிடமாகச் சுற்றி வருகிறது. ஜெஃப் பெக் குழு சில மாதங்களுக்கு முன்பே செய்துவிட்டதற்கு மேல் இவர்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்பது அவர் குறை. 2003-இல் ரோலிங் ஸ்டோன் வெளியிட்ட எக்காலத்துக்குமான 500 ஆல்பங்களின் பட்டியலில் அந்த ஆல்பத்துக்கு 29-ஆம் இடம். ஆகவே மெண்டல்சன் ஒன்றும் தெரியாதவரா? சரிபார்த்துவிடலாம். ஜெஃப் பெக்கின் 'ட்ரூத்' 1968-இல் வந்தது. ஸெப்பலின் ஆல்பம் 1969 ஜனவரியில். வில்லி டிக்ஸனின் 'யூ ஷுக் மீ' என்ற பழைய ப்ளூஸ் பாட்டு இரண்டிலும் இருக்கிறது. பெக்கிடம் அது இரண்டரை நிமிடம். ஸெப்பலினிடம் ஆறரை நிமிடம். முன்னதில் பாட்டு வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. பின்னதில் மவுத் ஆர்கன் தனியாக, ஆர்கன் தனியாக, கிட்டார் தனியாக என்று நின்று நிதானித்து, கடைசியில் பாடகரும் கிட்டாரும் ஒருவரையொருவர் கத்தலில் துரத்துகிறார்கள். இதைப் பெக்கின் சரக்கு என்றும் கேட்கலாம். பெக் தொடாத ஒரு பிரம்மாண்டம் என்றும் கேட்கலாம். அன்று மெண்டல்சனுக்கு முதலாவதுதான் கேட்டது. ஆனால் இன்று இரண்டு ஆல்பங்களையும் அருகருகே வைத்துக் கேட்கும்படி நம்மைத் தூண்டுவது அவருடைய அந்தக் குறைதான். 'தலைசிறந்த ஆல்பம்' என்ற வெறும் வாழ்த்து அப்படி எதையும் செய்யத் தூண்டாது.

சினிமாவுக்கும் ராக் ஆல்பத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு; அமெச்சூர்கள் அதைப் போதிய அளவு யோசிப்பதில்லை. படம் இருட்டில், ஒரே மூச்சில், பெரும்பாலும் ஒருமுறை பார்ப்பது. பாலின் கேல் படங்களை ஒருமுறைதான் பார்ப்பார் என்பது பிரசித்தம். முதல் பார்வையின் சூட்டை நம்பியவர் அவர். படத்துக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் இயக்குநரும் முதல் முறை பார்ப்பவரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் படமெடுக்கிறார். ஆல்பம் அப்படியல்ல. நாற்பது நிமிடச் சங்கதி. திரும்பத் திரும்பக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டது. முதல் தடவையே காதில் ஒட்டிக்கொண்ட மெட்டு பத்தாவது தடவையில் சலிக்கும். தாண்டிப்போன பாட்டு ஒரு நாள் திடீரென்று திறந்துகொள்ளும். ரேடியோஹெட் குழு 1997-இல் 'ஓகே கம்ப்யூட்டர்' கொடுத்துவிட்டு 2000 அக்டோபரில் 'கிட் ஏ' கொண்டுவந்தபோது, கிட்டாரை எதிர்பார்த்தவர்களுக்கு மின்னணு ஒலிகள் கிடைத்தன. தனிப்பாடலாக எதையும் முன்கூட்டி வெளியிடவுமில்லை. பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' அதற்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தது. அமெரிக்காவின் 'பிட்ச்ஃபோர்க்' பத்துக்குப் பத்து. இரண்டு தீர்ப்பும் ஆல்பம் வந்த சூட்டோடு எழுதப்பட்டவை. சம்பள விமர்சகருக்கு வேறு வழியில்லை. வெளியீட்டு நாளுக்குள் எழுதித் தந்தாக வேண்டும். அமெச்சூருக்குக் கெடு கிடையாது. ஒரு மாதம் கேட்கலாம், பேருந்தில் கேட்கலாம், கோபத்தில் கேட்கலாம். இவ்வளவு பெரிய சௌகரியம் கையில் இருக்க, வெளியான அன்று நள்ளிரவே தீர்ப்பு எழுதி முடிக்கத் தொழில்முறைக்காரரோடு போட்டி போட்டு ஓடும் அமெச்சூரைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அப்படியென்றால் பேசாமல் காத்திருப்பதே உத்தமம் அல்லவா, காலம் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். இதுதான் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லாத ஆட்சேபம். காலம் எதையும் சொல்வதில்லை. மனிதர்கள் சொன்னவைதான் சேர்ந்து காலத்தின் தீர்ப்பாகின்றன. 'வெர்டிகோ' 1958-இல் வந்தபோது வரவேற்பு கலவையாகத்தான் இருந்தது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1962-இலும் 1972-இலும் அது முதல் பத்தில் இல்லை. 1982-இல் ஏழாவது, 1992-இல் நான்காவது, 2002-இல் இரண்டாவது, 2012-இல் முதலாவது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1982-க்கு முந்தைய பல ஆண்டுகள் அந்தப் படம் திரையிடக் கிடைக்கவே இல்லை. மறுபடி அரங்குக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பார்க்கக் கிடைக்காத ஒரு படத்தை நினைவில் வைத்திருந்தது யார்? அதைப் பற்றி எழுதி வைத்தவர்கள். அவர்களில் ஒருவர் ராபின் வுட், பள்ளி ஆசிரியர். 'சைக்கோ' புதுப்படமாக இருந்தபோதே அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி சைட் அண்ட் சவுண்டுக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. பிரான்ஸின் 'கையே து சினிமா' 1960-இல் அதை வெளியிட்டது. 1965-இல் வந்த புத்தகத்தில் 'வெர்டிகோ'வே ஹிட்ச்காக்கின் தலையாய படைப்பு என்று காட்சி காட்சியாக வாதிட்டார். ஹிட்ச்காக் பொழுதுபோக்கு ஆசாமி என்று மேதாவிகள் ஒதுக்கிய காலம் அது. காலம் சொல்லட்டும் என்று அந்த வாத்தியார் சும்மா இருந்திருந்தால், அந்த வழக்கில் வாதாட ஒரு ஆள் குறைந்திருப்பார். 2022 வாக்கெடுப்பில் 'வெர்டிகோ' மறுபடி இரண்டாம் இடத்துக்கு இறங்கியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழக்கு இன்னும் முடியவில்லை.

ரசனை அவரவர் சொந்த விஷயம், இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது என்பாரும் உண்டு. அவர்களும் படம் முடிந்து வெளியே வந்ததும் வண்டி எடுக்கும் வரை வாதாடத்தான் செய்கிறார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மதிப்பெண் விஷயம் அப்படி விட்டுவிடக்கூடியதல்ல. ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969-இல் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் ஆல்பங்களுக்குப் பள்ளிக்கூடப் பாணியில் ஏ ப்ளஸ் முதல் ஈ மைனஸ் வரை தரம் போடத் தொடங்கினார். ஆனால் தரத்தோடு ஒரு சின்னப் பத்தியும் எழுதுவார். நாலைந்து வாக்கியத்தில் ஒரு ஆல்பத்தைப் பிழிந்து வைக்கும் வித்தை அது. 'பதினாறு வயதினிலே'வுக்கு ஆனந்த விகடன் 62.5 போட்டது தமிழ் வாசகர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதோடு என்ன எழுதினார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? எண்ணுக்குத் தனி மயக்கம் இருக்கிறது. காரணத்தைத் தின்றுவிட்டுத் தான் மட்டும் மிஞ்சும். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் 1990-களின் நடுவில் பெற்றோர் வீட்டிலிருந்து தொடங்கியதுதான் பிட்ச்ஃபோர்க். பத்துக்கு இவ்வளவு என்று தசம புள்ளியோடு மார்க் போடுவது அதன் முத்திரை ஆயிற்று. 2003-இல் பாடகி லிஸ் ஃபேர் தன் பழைய முரட்டு அழகை விட்டு, வானொலியில் ஓடக்கூடிய பாப் இசைக்குப் போனபோது, அந்த ஆல்பத்துக்கு 0.0 விழுந்தது. ஓர் ஆல்பம் முழுக்க ஒரு நல்ல நிமிடம்கூட இல்லை என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்? அது மதிப்பீடு அல்ல, அவமதிப்பு. எழுதியவர் 2019-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2021-இல் அந்த இதழே மார்க்கை 6.0 ஆக்கியது. படைப்பாளியை நோகடிக்கிறார்கள் என்று அமெச்சூர் விமர்சகர்கள் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டில் முழு உண்மை இருக்கும் இடம் இதுதான். வயசும் வேகமும் உள்ளவருக்கு, கிழித்து எழுதுவது தன்னைக் காட்டிக்கொள்ள மிகச் சுலபமான வழி. படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தன் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசுவது. இதற்கு மருந்து மென்மை அல்ல. கடுமையாகச் சொல்லலாம், ஆனால் எந்தக் காட்சி, எந்தப் பாட்டு, எந்த இடம் என்று சுட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சுட்டும்போதே பாதிக் கொடூரம் வடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இன்று எல்லோரும் விமர்சகர்களாகிவிட்டார்கள், இந்தச் சந்தைக் கூச்சலில் இன்னும் ஒரு குரல் எதற்கு என்ற அலுப்பு பலருக்கு இருக்கிறது. எனக்கும் அந்த அலுப்பு உண்டு. ஆனால் கூச்சலில் கேட்பது பெரும்பாலும் ரசிகர் மன்றக் குரல், அல்லது அதற்கு எதிர்மன்றக் குரல். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டும் முடிவாகிவிட்டவை. அமெச்சூருக்கு இருக்கும் உண்மையான பலம், அவர் யாருக்கும் கடன்பட்டவரில்லை என்பது. டிக்கெட் அவர் காசு, ஆல்பம் அவர் காசு. இசைக் கலைஞர்களை மரியாதையில்லாமல் எழுதுகிறார் என்று 1973-இல் ரோலிங் ஸ்டோன் பேங்ஸைக் கதவடைத்து அனுப்பியது. இசை நிறுவனங்களின் விளம்பரத்தை நம்பியிருக்கும் பத்திரிகை எதற்குமே அந்தச் சங்கடம் உண்டு. அமெச்சூரைக் கதவடைத்து அனுப்ப ஒரு கதவு வேண்டுமே! இன்னொரு சுதந்திரமும் அவருக்கு இருக்கிறது: சும்மா இருப்பது. வெள்ளிக்கிழமை தோறும் எழுதியாக வேண்டியவர், ஒன்றும் தோன்றாத படத்தைப் பற்றியும் பக்கத்தை நிரப்பியாக வேண்டும். அமெச்சூர், சொல்ல ஒன்றுமில்லை என்றால் சொல்லாமல் விடலாம். இதற்குரிய ஆபத்து, தனக்குப் பிடித்த வகைக்குள்ளேயே அவர் சுற்றிக்கொண்டிருந்துவிடுவது. ஹெவி மெட்டல் மட்டும் கேட்பவரின் ஹெவி மெட்டல் தீர்ப்பில் ஒப்பீடு இருக்காது. அதற்காகத் தனக்குப் பழக்கமில்லாத ஒன்றுக்கும் அவ்வப்போது காசு கொடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த புதுப்படம் பார்த்துவிட்டு வந்ததும், யார் எவ்வளவு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், அரைப் பக்கம் எழுதுங்கள். எந்தக் காட்சி உங்களை இழுத்தது, எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். புது ஆல்பம் என்றால் ஒரு முறையும், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் முதலாவதைக் கிழித்துப் போடாதீர்கள். கீழே மறக்காமல் தேதி போடுங்கள்.